ஒரு தீர்ப்பு மறுத்ததைச் சட்டமன்றம் தந்தது: தன்பால் இணையரும் தமிழ்நாட்டுத் திருமணச் சட்டமும்

மேல்மலையனூரிலோ செஞ்சியிலோ தாலி கட்டிக்கொள்ளும் எந்தத் தம்பதியும் 90 நாட்களுக்குள் அந்தத் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சார்பதிவாளரிடம் கொடுக்கும் விண்ணப்பத்தில் மணமகனுக்கு ஒரு பகுதி, மணமகளுக்கு ஒரு பகுதி. பெயர், வயது, முகவரி, இதற்கு முன் மணமானவரா என்ற விவரம் எல்லாம் அதில் நிரப்பப்படும். திருமணம் நடந்ததற்கான ஆதாரத்தை இணைப்பார்கள்; சாட்சிகள் கையெழுத்திடுவார்கள். கையில் கிடைக்கும் சான்றிதழ் ஒரே ஒரு தாள்தான். ஆனால் ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது, கடவுச்சீட்டு, குடும்ப ஓய்வூதியம், அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து, ஒருவர் இறந்த பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் என்று வாழ்க்கையின் ஒவ்வொரு நெருக்கடியிலும் அந்த உறவுதான் கேட்கப்படுகிறது.

சேர்ந்து வாழும் இரண்டு பெண்களுக்கோ இரண்டு ஆண்களுக்கோ அந்த விண்ணப்பத்தில் இடமில்லை. இருபது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள். இந்த நிலை சரிதானா என்ற கேள்வி கடந்த சில ஆண்டுகளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வெவ்வேறு வடிவங்களில் வந்தது. 2023இல் உச்சநீதிமன்றம் அதற்கு ஒரு பதில் சொன்னது. அந்தப் பதிலோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டின் சட்ட வரலாறு அப்படி நினைக்க விடவில்லை. ஒரு திருமண முறையை நீதிமன்றம் செல்லாது என்று சொன்னதும், மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் அதைச் செல்லுபடியாக்கியதும் இங்கே ஏற்கனவே நடந்திருக்கின்றன. தன்பால் இணையரின் திருமண உரிமை பற்றிய வாதத்தை அந்த வரலாற்றிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

தூத்துக்குடி வழக்கு: மணமகள் யார்?

2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கரராமேசுவரர் கோயிலில் ஓர் ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் இந்து முறைப்படி திருமணம் நடந்தது. பதிவுக்குப் போனபோது சார்பதிவாளர் மறுத்தார். மாவட்டப் பதிவாளரும் அந்த மறுப்பை உறுதி செய்தார். தம்பதி சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார்கள். அருண்குமார் எதிர் பதிவுத்துறைத் தலைவர் என்று அறியப்படும் அந்த வழக்கில் 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார்.

அரசுத் தரப்பின் வாதம் நேரடியானது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவு மணமகன், மணமகள் என்றுதான் பேசுகிறது. மணமகள் என்றால் பெண். எனவே திருநங்கையை மணமகளாகக் கொள்ள முடியாது. இதற்கு ஆதாரமாக ஓர் ஆங்கில அகராதியின் விளக்கத்தையும் அரசு வழக்கறிஞர் எடுத்து வைத்தார். நீதிபதி அதை ஏற்கவில்லை. ஒரு சட்டச் சொல்லின் பொருள் அது எழுதப்பட்ட நாளோடு உறைந்துவிடுவதில்லை, இன்றைய சட்ட ஒழுங்கின் வெளிச்சத்தில்தான் அதைப் படிக்க வேண்டும் என்றார். ஒருவருடைய பாலினத்தை அவரே தீர்மானிக்கலாம் என்று 2014இல் நால்சா வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. தன்னைப் பெண் என்று உணர்ந்து அறிவித்துக்கொள்ளும் திருநங்கை மணமகளாகலாம் என்பது அதன் இயல்பான நீட்சி. திருமணத்தைப் பதிவு செய்யும்படி உத்தரவானது.

இத்தீர்ப்பின் பலன் தூத்துக்குடியோடு நிற்கவில்லை. மாநிலத்தின் எல்லாப் பதிவாளர்களுக்கும் அது வழிகாட்டி. மேல்மலையனூர் வட்டத்தில் ஒரு திருநங்கையும் ஓர் ஆணும் மணம் புரிந்து பதிவுக்குப் போனால், இன்று எந்த அலுவலரும் பாலினத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. 2023இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் கருத்து வேறுபாடு இல்லாமல் ஒப்புக்கொண்ட புள்ளிகளில் இதுவும் ஒன்று.

ஆனால் இத்தீர்ப்பின் எல்லையையும் பார்க்க வேண்டும். மணமகன் ஒருவர், மணமகள் ஒருவர் என்ற அமைப்பை அது தொடவில்லை. மணமகள் யார் என்பதை மட்டும் விரித்தது. இரண்டு பெண்கள் வந்து நின்றால் அவர்களுக்கு இத்தீர்ப்பில் நேரடி விடை இல்லை. நேபாளத்திலும் ஏறத்தாழ இதே நிலைதான். 2023 ஜூன் மாதம் அந்நாட்டு உச்சநீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவைத் தொடர்ந்து நவம்பரில் லம்ஜுங் மாவட்டத்தில் ஒரு திருமணம் பதிவானது. தெற்காசியாவின் முதல் தன்பால் திருமணப் பதிவு என்று உலகம் கொண்டாடிய அந்த இணையரில் ஒருவர், அரசு ஆவணங்களில் ஆண் என்று குறிக்கப்பட்டிருந்த திருநங்கை. பாலின அடையாளத்தின் வழியாகத் திறக்கும் கதவு, பாலீர்ப்பின் பேரில் வருபவர்களுக்கு முழுமையாகத் திறப்பதில்லை.

மதுரையிலிருந்து சென்னைக்கு: பாதுகாப்பு என்ற முதல் படி

2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்சநீதிமன்றம், வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவின் பகுதியை நீக்கியது. குற்றம் என்ற முத்திரை போனது. குடும்பத்தின் கோபமும் காவல் நிலையத்தின் கெடுபிடியும் போகவில்லை. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழ முடிவெடுத்துச் சென்னைக்கு வந்தார்கள். இரு வீட்டுப் பெற்றோரும் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். காவல்துறை விசாரணை அவர்களைத் துரத்தியது. பாதுகாப்புக் கேட்டு அவர்கள் தொடுத்த வழக்கே சுஷ்மா எதிர் காவல் ஆணையர்.

நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இவ்வழக்கில் செய்தது இந்திய நீதிமன்ற வரலாற்றில் அபூர்வமான ஒன்று. இவ்விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று திறந்த நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் தாமே கற்றுக்கொள்ளும் அமர்வுக்குச் சென்றார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவு அந்த இரு பெண்களோடு நிற்கவில்லை. காணாமல் போனதாகப் புகார் வந்து, அவர்கள் மனமொத்து வாழும் வயது வந்தோர் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு காவல்துறை புகாரை முடித்துவிட வேண்டும். பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை என்ற பெயரில் நடக்கும் எதற்கும் அனுமதியில்லை. காவலர், நீதித்துறையினர், ஆசிரியர், மருத்துவர் எல்லோருக்கும் புரிதல் பயிற்சி தேவை.

அடுத்த ஆண்டே பலன் தெரிந்தது. இச்சமூகத்தினரைக் காவலர்கள் துன்புறுத்துவதைத் தடைசெய்யும் விதியைத் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளில் சேர்த்தது. பால்புதுமையினர், தன்பாலீர்ப்பு முதலிய சொற்களைக் கொண்ட கலைச்சொல் தொகுப்பை அரசிதழில் வெளியிட்டது. பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை மருத்துவத் தொழில் ஒழுக்கத்துக்கு எதிரானது என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது.

திருமணம் என்ற கோரிக்கையை எழுப்பாமலே இவ்வழக்கு அதற்கு அடித்தளம் போட்டது. ஓர் இணையர் உயிரோடும் சுதந்திரத்தோடும் சேர்ந்து வாழ முடியும் என்ற நிலை முதலில் வர வேண்டும். அந்த உறவுக்குப் பெயரும் பதிவும் கேட்பது அதற்குப் பின்பு வருவது.

டெல்லியில் நடந்த வாதம்

2023 ஏப்ரல் 18 தொடங்கி மே 11 வரை தன்பால் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கேட்ட சுப்ரியோ எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு பத்து நாள் வாதம் கேட்டது. மனுதாரர்கள் மத அடிப்படையிலான திருமணச் சட்டங்களை விட்டுவிட்டு, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை மையமாகக் கொண்டார்கள். அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு எந்த இரு நபரும் மணம் செய்துகொள்ளலாம் என்று தொடங்குகிறது. பிறகு ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 18 வயது என்று பிரிக்கிறது. ஆண், பெண் என்று வரும் இடங்களில் வாழ்க்கைத் துணை என்று படித்தால் போதும் என்பது மனுதாரர் வாதம். சமத்துவம் பேசும் 14ஆம் உறுப்பும், பாலின அடிப்படையில் பாகுபாட்டைத் தடுக்கும் 15ஆம் உறுப்பும், வாழ்வும் தனிமனித சுதந்திரமும் பேசும் 21ஆம் உறுப்பும் இதற்குத் துணை.

ஒன்றிய அரசுக்காக வாதிட்ட சொலிசிட்டர் ஜெனரல் துஷார் மேத்தா, திருமணம் என்ற சமூக நிறுவனத்தை மாற்றி அமைப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்றார். திருமணத்தைத் தொட்டால் வாரிசுரிமை, ஜீவனாம்சம், தத்தெடுப்பு என்று 160 சட்டப் பிரிவுகள் சிக்கலாகும் என்றார். இந்த இரண்டாவது வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கணவன் இறந்தால் சொத்து யாருக்கு, மனைவி இறந்தால் யாருக்கு என்று நம் வாரிசுரிமைச் சட்டங்கள் இருபாலருக்கும் வேறு வேறு வழி வகுத்திருக்கின்றன. ஒரு சொல்லை மாற்றினால் பல பிரிவுகளில் அதன் எதிரொலி கேட்கத்தான் செய்யும்.

2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்பதிலும், சிறப்புத் திருமணச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்பதிலும் ஐவரும் ஒன்றுபட்டார்கள். அதற்குக் குறைந்த ஒரு சட்ட அங்கீகாரமாவது அரசு தர வேண்டுமா என்பதில்தான் பிளவு. தர வேண்டும் என்றார்கள் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூடும் நீதிபதி எஸ்.கே. கவுலும். அத்தகைய கடமை இல்லை என்றார்கள் நீதிபதிகள் ரவீந்திர பட், ஹிமா கோலி, பி.எஸ். நரசிம்மா. சேர்ந்து வாழும் உரிமை உண்டு, அதைக் காக்கும் கடமையும் அரசுக்கு உண்டு, ஆனால் அதற்கு ஒரு சட்ட வடிவம் தருமாறு நீதிமன்றம் ஆணையிட முடியாது என்பது பெரும்பான்மைக் கருத்து. பெண்களைக் காப்பதற்கென்று எழுதப்பட்ட சட்டப் பிரிவுகளைப் பாலின வேறுபாடின்றிப் படித்தால் அந்தப் பாதுகாப்பே குலையலாம் என்றும் நீதிபதி பட் எச்சரித்தார். மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

சந்திரசூடின் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு முக்கியமான ஒரு வரி இருக்கிறது. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் பொதுப்பட்டியலின் 5ஆம் இனம் திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை, தத்தெடுப்பு முதலியவற்றை உள்ளடக்கியது. பொதுப்பட்டியல் என்பதால் நாடாளுமன்றத்தைப் போலவே மாநிலச் சட்டமன்றங்களும் தன்பால் திருமணத்தை அங்கீகரித்துச் சட்டம் இயற்றலாம் என்று அவர் பதிவு செய்தார். அவர் சிறுபான்மையில் நின்ற நீதிபதிதான். ஆனாலும் இக்கருத்து அரசியல் சாசனத்தின் வாசகத்திலேயே இருப்பது.

குடும்பம் என்பது திருமணத்தால் மட்டும் வருவதா?

2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. 25 வயதுப் பெண் ஒருவரை அவருடைய குடும்பத்தார் வீட்டில் அடைத்து வைத்திருப்பதாக வேறொரு பெண் தொடுத்த மனு. மனுவில் அவர் தன்னை நெருங்கிய தோழி என்றுதான் சொல்லிக்கொண்டார். அந்தத் தயக்கத்தின் காரணம் புரிகிறது என்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் எழுதினார்கள். நீதிமன்றத்துக்கு அழைத்துவரப்பட்ட பெண் தெளிவாகப் பேசினார். தன்னை வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள், 'சரியாக்க' வேண்டும் என்று சில சடங்குகள் செய்யவைத்தார்கள் என்றார். மகளைத் தோழிதான் வழிகெடுத்துவிட்டாள் என்பது தாயின் குற்றச்சாட்டு. எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாயும் நீதிபதியாக இருந்தவருமான லீலா சேத் தம் மகனின் பாலீர்ப்பை ஏற்று அவனுக்காகக் குரல் கொடுத்ததை நீதிபதிகள் நினைவுகூர்ந்தார்கள். எல்லாத் தாயும் லீலா சேத்தாக இருக்க முடியாது என்பதையும் சொன்னார்கள்.

மே 22ஆம் தேதித் தீர்ப்பின் சாரம் இது: சுப்ரியோ வழக்கில் தன்பால் திருமணம் சட்டமாகாமல் போயிருக்கலாம், அதனால் அவர்கள் குடும்பம் அமைக்க முடியாது என்று ஆகிவிடாது, குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழி அல்ல. தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்தை நீதிமன்றம் ஏற்றது. அந்தப் பெண் தன் விருப்பப்படி போகலாம் என்று விடுவித்தது. உதவி கேட்டபோது கண்டுகொள்ளாத காவல்துறையைக் கண்டித்தது.

இதற்கு முன்பே, 2023 நவம்பரில், சுஷ்மா வழக்கின் தொடர்ச்சியில் குடும்ப இணைவு ஒப்பந்தம் என்ற யோசனை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் முன் வந்தது. சேர்ந்து வாழும் இருவர் தங்கள் உறவைப் பத்திரமாக எழுதி அரசிடம் பதிவு செய்துகொள்ளலாம். யாராவது தொல்லை கொடுத்தால் அந்தப் பத்திரம் அவர்களுக்குக் கவசமாகும். இதைப் பரிசீலிக்கும்படி நீதிபதி சமூகநலத் துறைக்குச் சொன்னார்.

அமெரிக்க மாநில நீதிமன்றங்கள் இந்த இடத்தை முன்பே கடந்திருக்கின்றன. மின்னசோட்டாவின் உச்சநீதிமன்றம் 1971இல் இரு ஆண்களின் திருமண உரிமையை மறுத்தது. நாட்டின் உச்சநீதிமன்றம் மறு ஆண்டு மேல்முறையீட்டை ஒரே வரியில் தள்ளியது. ஹவாயில் 1993இல் முதல் விரிசல் விழுந்தது: பாகுபாட்டுக்கு வலுவான காரணம் காட்டும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்றது அங்குள்ள உச்சநீதிமன்றம். வெர்மான்ட் நீதிமன்றம் 1999இல் திருமணத்தின் பலன்களைத் தர வேண்டும், எந்த வடிவத்தில் என்பதைச் சட்டமன்றம் முடிவு செய்யட்டும் என்றது. 2000இல் அங்கே குடிமை இணைவுச் சட்டம் பிறந்தது. குடும்ப இணைவு ஒப்பந்தத்துக்கு மிக நெருங்கிய உறவினர் அதுதான். மாசசூசெட்ஸ் நீதிமன்றம் 2003இல் திருமண உரிமையையே தந்தது. குடிமை இணைவு போதாதா என்று மாநில செனட் கேட்டபோது, தனியாக ஒரு பெயர் கொடுத்து ஒதுக்கி வைப்பது சமத்துவம் ஆகாது என்று 2004 பிப்ரவரியில் பதில் சொன்னது. 2015 ஜூன் 26இல் ஓபர்கஃபெல் தீர்ப்பு நாடு முழுவதற்கும் அதை நிலைநாட்டியது. மறுப்பிலிருந்து ஏற்புக்கு வர 44 ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் வழியைச் செப்பனிட்டவை மாநிலங்களின் நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும்தான்.

1953இலிருந்து 1967 வரை

நம் மாநிலத்துக்கு அமெரிக்காவிடம் கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. 1920களின் இறுதியிலிருந்து சுயமரியாதை இயக்கம் புரோகிதர் இல்லாத, மந்திரம் இல்லாத திருமணங்களை நடத்தியது. உற்றாரும் நண்பர்களும் கூடுவார்கள். தலைவர் ஒருவர் பேசுவார். மணமக்கள் உறுதி சொல்லி மாலை மாற்றிக்கொள்வார்கள். சாதி கடந்தும் விதவை மணமாகவும் ஆயிரக்கணக்கான திருமணங்கள் இப்படி நடந்தன.

1953இல் தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் என்ற வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் இவ்வகைத் திருமணம் செல்லாது என்றது. இந்துச் சட்டம் கேட்கும் சடங்குகள் நடக்கவில்லை. பழமையான வழக்கம் என்று காட்டவும் முடியாது. ஓர் இயக்கம் தானாகப் புதிய திருமண முறையை உருவாக்கிக்கொள்ள முடியாது என்பது அதன் தர்க்கம். பல ஆண்டுகள் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்கள் ஒரே தீர்ப்பில் மணமாகாதவர்கள் ஆனார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் சொத்துரிமை கேள்விக்குள்ளானது.

70 ஆண்டுகள் கழித்து வந்த சுப்ரியோ தீர்ப்பையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் நீதிமன்றம் அந்த இணையரை வெறுக்கவில்லை. சட்டத்தின் வாசகத்துக்குள் அவர்களுக்கு இடமில்லை, இடம் தருவது சட்டமியற்றுவோரின் வேலை என்பதுதான் இரண்டின் உட்பொருளும்.

சட்டமியற்றுவோர் அந்த வேலையைச் செய்தார்கள். 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது. 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அது நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். அக்னி வேண்டாம், ஏழடி வேண்டாம். திருமணத்தின் உயிர் சடங்கில் இல்லை, இருவரின் வெளிப்படையான சம்மதத்தில் இருக்கிறது என்று ஒரு மாநிலச் சட்டம் அறிவித்தது.

உச்சநீதிமன்றம் இப்பிரிவை மேலும் விரித்தது. 2023 ஆகஸ்ட் 28 அன்று இளவரசன் வழக்கில், சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊரறிந்த விழா தேவையில்லை என்றது. குடும்ப எதிர்ப்புக்கும் உயிருக்கும் அஞ்சும் இணையர் பகிரங்கமாக அறிவிக்க முடியாமல் இருக்கலாம். பகிரங்கத்தை வற்புறுத்துவது அவர்களை ஆபத்தில் தள்ளும் என்பது காரணம். அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் நீதிபதி ரவீந்திர பட். ஏழு வாரம் கழித்து சுப்ரியோ வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அவரே. குடும்பத்தை எதிர்த்து மணக்கும் இணையருக்கு நேரும் ஆபத்தை அந்த அளவு நுட்பமாகக் கண்ட சட்டம், வீட்டில் அடைத்து அடிக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணின் ஆபத்தையும் காணத்தான் வேண்டும். இரண்டும் ஒரே வகை வன்முறை; தன் துணையைத் தானே தேர்ந்ததற்குக் குடும்பம் தரும் தண்டனை.

நம் பண்பாட்டில் இல்லையா?

இது நம் மண்ணுக்கு அந்நியமானது என்ற வாதத்தைச் செஞ்சி வட்டாரத்தில் நின்று கேட்கும்போது பதில் சொல்லத் தோன்றுகிறது. இது திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்மண். செஞ்சியை அடுத்த மேலச்சேரித் திரௌபதி கோயிலே ஆதிக்கோயில் என்பது வட்டார நம்பிக்கை. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்ட்பீடல் இவ்வழிபாட்டைப் பற்றி எழுதிய பெருநூலின் முதல் தொகுதிக்குச் செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று தலைப்பிட்டார். பாரதக் கூத்தில் அரவான் களப்பலி ஆடப்படும் மண் இது. அந்த அரவானுக்கே உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவில் திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள்; மறுநாள் தாலி அறுத்து வெள்ளைச் சேலை உடுத்துகிறார்கள்.

கூவாகச் சடங்கைத் தன்பால் திருமணத்துக்குச் சான்றாகக் காட்டுவது தவறு. திருநங்கையரின் பாலின அடையாளம் வேறு, பாலீர்ப்பு வேறு. சடங்கு மணம் வேறு, இல்லற வாழ்வு வேறு. ஆனால் அச்சடங்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. வழக்கமான ஆண் பெண் வரையறைக்குள் அடங்காதவர்களுக்கும் கோயிலில் தாலி கட்டிக் கொடுக்க இந்த மண்ணின் மக்கள் கூசவில்லை. குறை என்னவென்றால், அந்த ஏற்பு ஓர் இரவுக்கு மேல் நீள்வதில்லை. மறுநாள் காலையில் குடும்ப ஓய்வூதியமும் இல்லை, வாடகை வீடும் எளிதில் கிடைப்பதில்லை, மருத்துவமனையில் கையெழுத்துப் போட ஆளும் இல்லை. தூத்துக்குடியில் அந்தத் தம்பதி தாலியோடு நிற்காமல் பதிவுச் சான்றிதழுக்காகப் போராடியதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

மாநிலம் செய்யக்கூடியது

ஒன்றிய அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சுப்ரியோ தீர்ப்பைத் தொடர்ந்து அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைந்தது. 2024 ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தன்பால் இணையரை ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதலாம், வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கித் துணையை நியமனதாரராக்கலாம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவர் உடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவுறுத்தல்கள் வந்தன. எல்லாம் சுற்றறிக்கைகள், ஓர் அலுவலர் மறுத்தால் எதிர்த்துக் கேட்கும் வலிமை சுற்றறிக்கைக்குக் குறைவு.

தமிழ்நாடு இன்றே எடுக்கக்கூடிய படிகள் உண்டு. முதலாவது, குடும்ப இணைவு ஒப்பந்தத்தைச் சட்டமாக்கிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியச் செய்வது. இரண்டாவது, மாநில அரசு ஊழியர்களின் பணி விதிகளும் ஓய்வூதிய விதிகளும் மாநிலத்தின் கையில் இருப்பவை. அரசு மருத்துவமனைகளும் அப்படியே. பதிந்த துணைவரைக் குடும்பத்தினராகக் கருதும் திருத்தத்துக்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. மூன்றாவது, 7ஏ பிரிவில் தன்பால் இணையரைச் சேர்க்கும் திருத்தம். இதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அது எளிதில் கிடைக்காது. ஆனால் ஒரு மாநிலச் சட்டமன்றம் தன் முடிவைத் தீர்மானமாகவும் மசோதாவாகவும் சொல்வதற்கே தனி எடை உண்டு. 1989இல் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது இதே சட்டமன்றம். நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆனது. பொதுப்பட்டியலில் முன்னோடியாக நிற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

160 பிரிவுகள் சிக்கலாகும் என்ற வாதத்துக்கும் இந்த வழியில் பதில் இருக்கிறது. ஒரு தீர்ப்பால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவது கடினம் என்பது உண்மை. சட்டமன்றத்தால் பிரிவு பிரிவாக எழுத முடியும். மனைவிக்கென்று இருக்கும் பாதுகாப்புகளைத் தொடாமல் விட்டு, துணைவருக்கான வாரிசுரிமையைத் தனியே வகுக்க முடியும். நீதிபதி பட் சுட்டிய ஆபத்தைத் தவிர்க்கக் கவனமாக எழுதும் சட்டம் வேண்டும். எழுதாமலே இருப்பது அந்த ஆபத்துக்குத் தீர்வாகாது.

அப்படி எழுதப்படும் எந்தச் சட்டத்திலும் 1967 சட்டத்தின் ஓர் அம்சம் கட்டாயம் இருக்க வேண்டும். 7ஏ பிரிவு, அது நடைமுறைக்கு வந்த பிறகு நடக்கும் திருமணங்களோடு நிற்கவில்லை. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அவை நடந்த நாளிலிருந்தே செல்லுபடியாக்கியது. பிறந்த பிள்ளைகளின் உரிமையையும் காத்தது. சட்டம் வரும்வரை அந்த இணையர் வாழாமல் காத்திருக்கவில்லை என்ற உண்மையை மதித்து எழுதப்பட்ட ஏற்பாடு அது. இன்றும் எத்தனையோ தன்பால் இணையர் சான்றிதழ் இல்லாமலே இல்லறம் நடத்துகிறார்கள், சேர்ந்து கடன் கட்டுகிறார்கள், ஒருவர் நோய்ப்படுக்கையில் விழுந்தால் மற்றவர் துணை நிற்கிறார். நாளை வரும் சட்டம் அவர்களுடைய வாழ்வைத் தன் தேதியிலிருந்து எண்ணக் கூடாது, அவர்கள் வாழத் தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். அண்ணாவின் சட்டம் காட்டிய நியாயம் அதுதான். அதைச் செய்யும் அதிகாரம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திடம் இருக்கிறது. முன்னுதாரணமும் அதன் சொந்த ஏட்டிலேயே இருக்கிறது.